பூட்டுவதற்கு முன் படிவத்தைப் பாருங்கள்: ஃப்ளட்டர் செயலியில் திரை திரும்புவதைக் கட்டுப்படுத்துவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளட்டரில் (ஒரே நிரலால் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் செயலி எழுதும் கருவித்தொகுப்பு) ஒரு பாடப் பயிற்சிச் செயலி. எல்லாப் பக்கமும் போர்ட்ரெய்ட்டில் (நிமிர்ந்த நிலையில்) நிற்க வேண்டும், வீடியோ பாடம் ஓடும் பக்கம் மட்டும் லேண்ட்ஸ்கேப்பில் (படுத்த நிலையில்) வர வேண்டும். முகப்பின் இனிட்-ஸ்டேட்டில் (பக்கம் உருவாகும்போது ஓடும் முறை) போர்ட்ரெய்ட் பூட்டு, வீடியோ பக்கத்தின் இனிட்-ஸ்டேட்டில் லேண்ட்ஸ்கேப் பூட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோவிலிருந்து திரும்பினால் முகப்பும் படுத்தே கிடக்கிறது. ஐபேடில் பூட்டு எடுபடவே இல்லை. ஆண்ட்ராய்டு 16 டேப்லெட்டிலும் அதே கதை. எதற்காகப் பூட்டுகிறீர்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி: பதிவுப் படிவத்தை நிரப்பும்போது ஃபோனைத் திருப்பினால் நிரப்பியதெல்லாம் காணாமல் போகிறது.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றையும்விட அதுதான் முக்கியம்.

ஃப்ளட்டர் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்டை (செயலியின் அமைப்புகளை அறிவிக்கும் கோப்பு) திறந்து பாருங்கள். கான்ஃபிக்-சேஞ்சஸ் என்ற பண்பில் ஓரியன்டேஷன், ஸ்க்ரீன்-சைஸ் இரண்டும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதனால் ஃபோனைத் திருப்பும்போது ஆக்டிவிட்டி (ஆண்ட்ராய்டில் செயலியின் திரையைத் தாங்கும் கூறு) அழிந்து மறுபடி பிறப்பதில்லை. ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் நீங்கள் எழுதிய பகுதி முழுவதும் உயிரோடுதான் இருக்கிறது. நடப்பதெல்லாம் இவ்வளவுதான்: திரையின் அளவு மாறிவிட்டது என்று தகவல் வருகிறது, அந்த அளவைப் பார்த்து அமையும் விட்ஜெட்டுகள் (திரையின் கட்டுமானக் கூறுகள்) மறுபடி பில்ட் ஆகின்றன, அதாவது புதிதாகக் கட்டப்படுகின்றன. அந்த நேரத்தில் எழுத்துகள் தொலைகின்றன என்றால், தொலைப்பது உங்கள் நிரல்தான். திரையைப் பூட்டினால் அந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும், போகாது.

எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. படிவத்தைப் பாதி நிரப்புங்கள், ஃபோனைத் திருப்பாமல் அதே பக்கத்தில் செட்-ஸ்டேட் (பக்கத்தை மறுபடி பில்ட் செய்யச் சொல்லும் அழைப்பு) ஓடும்படி ஏதாவது செய்யுங்கள். ஒரு செக்பாக்ஸைத் தட்டினால் போதும். அப்போதும் எழுத்து மறைந்தால், பெட்டியின் எழுத்தை வைத்திருக்கும் டெக்ஸ்ட்-எடிட்டிங்-கன்ட்ரோலரை நீங்கள் பில்ட் முறைக்குள் உருவாக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பில்ட்டிலும் புதிய கன்ட்ரோலர், ஒவ்வொன்றும் காலி. அதை பில்ட்டுகளுக்கு இடையே நிலைக்கும் ஸ்டேட் வகுப்பின் உறுப்பாக வைத்து, பக்கம் அழியும்போது ஓடும் டிஸ்போஸில் விடுவித்தால் தீர்ந்தது.

செக்பாக்ஸைத் தட்டும்போது எழுத்து நிலைத்து, திருப்பும்போது மட்டும் மறைகிறதா? அப்படியென்றால் போர்ட்ரெய்ட்டுக்கு ஒரு விட்ஜெட் மரம், லேண்ட்ஸ்கேப்புக்கு ஒரு மரம் என்று இரண்டு வடிவமைப்பு வைத்திருப்பீர்கள். நிமிர்ந்து இருந்தால் காலம் என்ற செங்குத்து அடுக்கு, படுத்தால் ரோ என்ற கிடை அடுக்கு, அதற்குள் படிவம். ஒரே இடத்தில் காலம் இருந்து, அடுத்த பில்ட்டில் ரோ வந்தால் ஃப்ளட்டர் அதை வேறு வகை விட்ஜெட் என்று பார்க்கிறது. பழைய கிளையை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதியதை நடுகிறது. படிவத்தின் ஸ்டேட்டும் கூடவே போய்விடுகிறது. இதற்கு மூன்று வழி உண்டு. கன்ட்ரோலர்களை மேலே, இரண்டு மரத்துக்கும் பொதுவான பெற்றோரில் வைக்கலாம். படிவ விட்ஜெட்டுக்கு ஒரு குளோபல்-கீ கொடுக்கலாம், அப்போது அது கிளை மாறினாலும் ஸ்டேட்டைத் தூக்கிக்கொண்டு போகும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: காலம், ரோ இரண்டுமே ஃப்ளெக்ஸ் என்ற ஒரே விட்ஜெட்டின் வாரிசுகள். நேரடியாக ஃப்ளெக்ஸையே போட்டு, அதன் திசையை மட்டும் மாற்றுங்கள். பிள்ளைகளின் வரிசை மாறாதவரை வகையும் மாறவில்லை, இடமும் மாறவில்லை, எதுவும் பிடுங்கப்படாது.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட இடம். ஓரியன்டேஷன்-பில்டர் என்ற விட்ஜெட் பெயரைப் பார்த்தால் ஃபோன் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் போலிருக்கும். சொல்லாது. தனக்குப் பெற்றோர் கொடுத்த இடத்தில் அகலம் அதிகமா உயரம் அதிகமா என்று மட்டும் பார்க்கும். 360 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவலகு) அகலம், 640 டிபி உயரமுள்ள ஒரு சிறிய ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பட்டைகள் போக மிச்சம் 560. விசைப்பலகை எழும்பி 260-ஐ எடுத்துக்கொண்டால் ஸ்காஃபோல்ட் என்ற பக்கச் சட்டகத்தின் உடலுக்கு எஞ்சுவது 300. அகலம் 360, உயரம் 300. ஃபோன் நிமிர்ந்தே இருக்க, ஓரியன்டேஷன்-பில்டர் "லேண்ட்ஸ்கேப்" என்கிறது. மரம் மாறுகிறது, பெட்டி குவியத்தை இழக்கிறது, விசைப்பலகை இறங்குகிறது, மறுபடி போர்ட்ரெய்ட். பயனர் பெட்டியைத் தொட்டாலே விசைப்பலகை வந்து வந்து போவதாகத் தோன்றும். உங்கள் சோதனை ஃபோன் பெரியதாக இருந்தால் இது உங்கள் கண்ணில் படவே படாது. முழுத் திரையின் நிலை வேண்டுமென்றால் மீடியா-குவெரியின் ஓரியன்டேஷனைக் கேளுங்கள். விசைப்பலகை அதன் கணக்கில் வராது.

படிவம் சரியானதும் அதைப் பூட்டவேண்டிய காரணமே பெரும்பாலும் இருக்காது. லேண்ட்ஸ்கேப்பில் உயரம் குறைவு, விசைப்பலகை பாதியை விழுங்கும், அதோடு தமிழில் பெட்டித் தலைப்புகள் நீளம். "கைப்பேசி எண்ணை உறுதிசெய்க" இரண்டு வரியாக மடியும். அதனால் உடலை உருளக்கூடியதாக்கி வையுங்கள். இடம் போதாதபோது ஃப்ளட்டர் காட்டும் மஞ்சளும் கருப்புமான அந்தப் பட்டை அப்போது வராது.

இனி வீடியோவிலிருந்து திரும்பும் சிக்கல். முகப்பின் இனிட்-ஸ்டேட் அந்தப் பக்கம் பிறக்கும்போது ஒரே ஒரு தடவை ஓடும். வீடியோ பக்கம் அதன் மேல் அடுக்கப்படுகிறது, முகப்பு கீழே உயிரோடு காத்திருக்கிறது. வீடியோ நீங்கும்போது முகப்பு மறுபடி பிறப்பதில்லை, ஆகவே போர்ட்ரெய்ட் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பூட்டு என்பது பக்கத்துக்குச் சொந்தமானதே கிடையாது. செட்-ப்ரெஃபர்ட்-ஓரியன்டேஷன்ஸை அழைக்கும்போது முழுச் செயலியின் சார்பில் இயங்குதளத்திடம் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். அடுத்த விண்ணப்பம் வரும்வரை பழையதே செல்லும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, வீடியோ பக்கத்தின் டிஸ்போஸில் போர்ட்ரெய்ட்டை மீட்பது. ஓரளவு வேலை செய்யும். ஆனால் பக்கம் வெளியேறும் அசைவு முழுவதும் முடிந்த பிறகுதான் டிஸ்போஸ் ஓடும். அதற்குள் முகப்பு படுத்த நிலையில் ஒரு கணம் தெரிந்து, பிறகு சுழலும். வீடியோவிலிருந்து வினாடி வினாப் பக்கத்துக்குப் புஷ் செய்தால் (மேலே புதிய பக்கத்தை அடுக்கினால்) டிஸ்போஸ் ஓடவே ஓடாது. வினாக்கள் படுத்தே வரும். புஷ்-ரீப்ளேஸ்மென்ட் (பழைய பக்கத்தின் இடத்தில் புதியதை வைப்பது) என்றால் இன்னும் மோசம்: புதிய பக்கத்தின் இனிட்-ஸ்டேட் முதலில் ஓடித் தன் விருப்பத்தைச் சொல்லிவிடும், பழைய பக்கத்தின் டிஸ்போஸ் பின்னால் வந்து அதை அழித்துவிடும்.

ஆகவே பக்கங்களிடமிருந்து இந்தப் பொறுப்பையே எடுத்துவிடுங்கள். பக்க மாற்றங்களைக் கவனிக்கும் நேவிகேட்டர்-அப்சர்வர் ஒன்றை எழுதி, செயலியின் வேர் விட்ஜெட்டான மெட்டீரியல்-ஆப்பில் பதிவுசெய்யுங்கள். புஷ், பாப் (மேல் பக்கத்தை எடுப்பது), ரீப்ளேஸ், ரிமூவ் நான்கிலும் இப்போது மேலே இருக்கும் பக்கம் எது என்று பார்த்து, அதன் பெயருக்கு உரிய நிலையைக் கேட்கட்டும். பாப் நடக்கும்போது மேலே வரப்போவது முந்தைய பக்கம் என்பதை மறக்காதீர்கள்; அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உரையாடல் பெட்டி, கீழிருந்து எழும் தாள் எல்லாமே நேவிகேட்டரின் கண்ணுக்கு ஒரு ரூட்தான், அதாவது அடுக்கில் ஒன்று. அவற்றை வடிகட்டாவிட்டால், வீடியோவின் நடுவே வேகத்தை மாற்றத் தாளை எழுப்பியதும் திரை நிமிர்ந்துவிடும். பேஜ்-ரூட் வகைக்கு மட்டும் எதிர்வினை காட்டுங்கள். பாப் ஆன அந்தக் கணமே அப்சர்வருக்குச் செய்தி வந்துவிடுவதால், டிஸ்போஸுக்காகக் காத்திருந்த அந்த அசிங்கமான இடைவெளியும் மிகவும் குறைந்துவிடும்.

வீடியோவுக்கு லேண்ட்ஸ்கேப் கேட்கும்போது இடது, வலது இரண்டையும் பட்டியலில் கொடுங்கள். சார்ஜர் செருகிய ஃபோனை வைத்துப் பார்ப்பவருக்கு வயர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது.

ஐஃபோன் பக்கம் கணக்கு வேறு மாதிரி. அங்கே செயலி அனுமதிப்பதும் அந்த நேரத்தில் திரையில் இருக்கும் வியூ-கன்ட்ரோலர் (திரையை நிர்வகிக்கும் கூறு) அனுமதிப்பதும் பொதுவாக ஒத்துப்போகும் நிலைகளுக்கே திரை திரும்பும். செயலியின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ-பீலிஸ்ட்டில் லேண்ட்ஸ்கேப் குறியை எடுத்துவிட்டு, வீடியோ பக்கத்தில் டார்ட்டிலிருந்து எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பாது. ஆகவே குறியைத் திருப்பி வையுங்கள். வைத்ததும் ஒரு சிறு தொல்லை வரும்: ஃபோனைப் படுக்கவைத்தபடி செயலியைத் திறந்தால், டார்ட் விழித்தெழுந்து போர்ட்ரெய்ட் கேட்பதற்குள் தொடக்கத் திரை லேண்ட்ஸ்கேப்பில் வந்துவிடும். தொடக்கத்தில் பார்க்கப்படுவது இன்ஃபோ-பீலிஸ்ட், ஓடத் தொடங்கிய பின் அதை மேலெழுதக்கூடியது ஆப்-டெலிகேட்டில் (ஐஓஎஸ் பக்கத்தில் செயலியை நிர்வகிக்கும் வகுப்பு) உள்ள முறை. எனவே பீலிஸ்ட்டில் போர்ட்ரெய்ட்டை மட்டும் வைத்து, ஆப்-டெலிகேட்டில் அகலமான அனுமதியைத் திருப்பிக் கொடுப்பது இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும். ஆண்ட்ராய்டில் இதற்குச் சமமானது, மேனிஃபெஸ்ட்டில் முதன்மை ஆக்டிவிட்டிக்கு ஸ்க்ரீன்-ஓரியன்டேஷன் போர்ட்ரெய்ட் என்று எழுதுவது; ஓடும்போது கேட்கும் விண்ணப்பம் அதை மீறும்.

பழைய விடைகளில் யூஐ-டிவைஸின் ஓரியன்டேஷன் மதிப்பைப் பின்வாசல் வழியாகத் திணிக்கும் தந்திரம் ஒன்றைப் பார்ப்பீர்கள். ஐஓஎஸ் 16 அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. விண்டோ-சீனிடம் முறையாக வடிவ மாற்றம் கேட்கும் வழி அந்தப் பதிப்பில்தான் வந்தது. ஃப்ளட்டரின் இப்போதைய பதிப்புகள் அதையே பயன்படுத்துகின்றன. உங்கள் ஃப்ளட்டர் பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ஐபேடில் எடுபடாததற்குக் காரணம் பல்பணி. ஒரு செயலி மற்றொன்றோடு திரையைப் பகிரத் தயார் என்று சொன்னால், தன் நிலையைத் தானே பூட்டும் உரிமையை அது இழக்கிறது. இரண்டு செயலிகள் அருகருகே இருக்கும்போது ஒன்று நிமிரவும் ஒன்று படுக்கவும் கேட்டால் கண்ணாடி ஒன்றுதானே. ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடில் "முழுத்திரை தேவை" என்ற குறியை வைத்தால் பல்பணி போய்விடும், பூட்டு வேலை செய்யும். ஆனால் ஐபேட்-ஓஎஸ் 26-இல் ஆப்பிள் அந்தக் குறியையே வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்று தொடங்கும் செயலியை அதன்மேல் கட்டுவது மணலில் வீடு.

ஆண்ட்ராய்டும் அதே திசையில்தான் போகிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலே, பிரித்த திரையில் ஓடும் செயலியின் பூட்டு கண்டுகொள்ளப்படுவதில்லை. 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16-இல், அதன் ஏபிஐ எண்ணான (இயங்குதளப் பதிப்பைக் குறிக்கும் எண்) 36-ஐ இலக்காக வைத்த செயலி, குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேலுள்ள திரையில் ஓடினால் ஓரியன்டேஷன் கட்டுப்பாடு, அளவு மாறாது என்ற கட்டுப்பாடு, அகல உயர விகிதக் கட்டுப்பாடு மூன்றுமே புறக்கணிக்கப்படும். ஆகவே உங்கள் டேப்லெட்டில் நடப்பது பிழையன்று, விதி. மடிப்பு ஃபோன்களில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம்: மூடியிருக்கும்போது வெளித்திரையில் பூட்டு செல்லுபடியாகும், விரித்ததும் உள்திரை 600-ஐத் தாண்டினால் பூட்டு கழன்றுவிடும். மேனிஃபெஸ்ட்டில் கேம் என்று வகைப்படுத்தப்பட்ட செயலிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் தற்காலிகமாகத் தப்பிக்க ஒரு பண்பு கொடுத்திருக்கிறார்கள். ஏபிஐ 37-ஐ இலக்காக வைக்கும் நாளில் அதுவும் போய்விடும். பாடச் செயலியைக் கேம் என்று பதிவுசெய்து தப்பிக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். செய்யாதீர்கள், பயனரிடம் சொல்லும் பொய் அது.

எனவே "எல்லாப் பக்கமும் போர்ட்ரெய்ட்" என்ற அந்தத் தேவையை வாடிக்கையாளரிடம் மறுபடி பேசுங்கள் என்பதே என் வலுவான கருத்து. பெரிய திரையில் அது இனிக் கிடைக்காது. சிறிய திரையிலும் எல்லோருக்கும் அது நல்லதில்லை. 2018-இல் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பில் 1.3.4 என்ற விதி இதைப் பற்றியதுதான்: ஒரு குறிப்பிட்ட நிலை இன்றியமையாதது என்றால் தவிர, உள்ளடக்கத்தை ஒரே நிலையில் பூட்டக் கூடாது. இன்றியமையாததற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டுகளில் வங்கிக் காசோலையும் பியானோ செயலியும் உண்டு. பதிவுப் படிவம் அந்த வகையில் சேராது.

இந்த விதி எனக்கு ஒரு மனிதரின் முகத்தோடு நினைவில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு விண்ணப்பச் செயலியைப் பயன்படுத்திய ஒருவர், டேப்லெட்டைச் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் கிடையாகப் பொருத்தியிருந்தார். கழற்றி மாட்ட அவரால் முடியாது. என் செயலி போர்ட்ரெய்ட்டில் பூட்டப்பட்டிருந்ததால் எழுத்துகள் அவருக்குப் பக்கவாட்டில் தெரிந்தன. கழுத்தைச் சாய்த்தபடியே பதினோரு பெட்டிகளை நிரப்பியிருக்கிறார். அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில்தான் சொன்னார். அன்று மாலையே அந்த ஒற்றை வரியை நீக்கினேன். திருத்தம் ஒரு வரிதான். அந்த வரியை எழுதும்போது நான் யாரையும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஃப்ளட்டர் இல்லாமல், கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டுக்கு நேரடியாக எழுதுபவர்களும் இதே கேள்வியோடு வருவதுண்டு, அவர்களுக்காக ஒரு பத்தி. உங்கள் உலகில் திரை திரும்பினால் ஆக்டிவிட்டி உண்மையிலேயே அழிந்து மறுபடி உருவாகும். திரையின் தரவை வியூ-மாடலில் வையுங்கள், அது திருப்பத்தைத் தாண்டிப் பிழைக்கும். கம்போஸில் (கோட்லினில் திரையை வடிவமைக்கும் நூலகம்) அதே வேலைக்கு ரிமெம்பர்-சேவபிள். கான்ஃபிக்-சேஞ்சஸில் ஓரியன்டேஷன் என்று எழுதித் தப்பிக்கிறவர்கள், ஏபிஐ 13 முதல் ஸ்க்ரீன்-சைஸையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பலிக்காது என்பதைக் கவனியுங்கள். எழுதினாலும், பின்னணியில் இருக்கும்போது நினைவகம் போதாமல் இயங்குதளம் செயலியைக் கொன்றுவிட்டால் அது காப்பாற்றாது. மேனிஃபெஸ்ட்டில் சென்சார்-லேண்ட்ஸ்கேப், யூசர்-லேண்ட்ஸ்கேப் என்று இரண்டு உண்டு. முன்னது பயனர் தானியங்கித் திருப்பத்தை அணைத்து வைத்திருந்தாலும் உணரியையே கேட்கும். பின்னது அவர் வைத்த அமைப்பை மதிக்கும். காரணம் இல்லாவிட்டால் பின்னதையே எடுங்கள். படுத்துக்கொண்டு படிப்பதற்காகத்தான் பலர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வீடியோ பக்கத்தைக் கட்டாயமாகப் படுக்கவைப்பதைப் பற்றி. பாடத்தைக் கேட்டுக்கொண்டே கீழே குறிப்புகளைப் படிக்க விரும்பும் மாணவருக்கு நிமிர்ந்த நிலைதான் வசதி. பக்கத்தைப் பூட்டாமல் விட்டு, முழுத்திரைப் பொத்தானைத் தட்டும்போது மட்டும் லேண்ட்ஸ்கேப் கேளுங்கள். இதில் நுட்பமான ஒரு இடம், முழுத்திரையிலிருந்து வெளியே வருவது. வெளியேறும் பொத்தானைத் தட்டியதும் காலிப் பட்டியலைக் கொடுத்துப் பூட்டை முழுக்க விடுவித்தால், ஃபோன் கையில் இன்னும் படுத்தே இருப்பதால் தானியங்கித் திருப்பம் திரையை உடனே மறுபடி படுக்கவைத்துவிடும். பொத்தான் வேலை செய்யவில்லை என்றே பயனர் நினைப்பார். அதனால் முதலில் போர்ட்ரெய்ட் கேளுங்கள், பூட்டை அப்படியே வைத்திருங்கள். முடுக்கமானியைக் கேட்டுக்கொண்டிருங்கள், புவியீர்ப்பின் 9.8 பெரும்பாலும் ஃபோனின் நீளவாக்கு அச்சில் விழத் தொடங்கினால் அவர் ஃபோனை நிமிர்த்திவிட்டார் என்று பொருள். அப்போது பூட்டை விடுவியுங்கள். ஃபோன் மேசையில் மல்லாந்து கிடந்தால் ஈர்ப்பு முழுவதும் திரைக்குச் செங்குத்தான அச்சில் விழும், எது மேல் எது கீழ் என்று உணரிக்கே தெரியாது. அந்த நேரத்தில் எதையும் மாற்றாமல் காத்திருங்கள். விடுவித்ததும் உணரியின் சந்தாவை ரத்துசெய்ய மறக்க வேண்டாம், மறந்தால் பாடம் முடிந்த பிறகும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.